களத்தில் ஏழு கட்டில்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

ஸ்டேஷனில் மலையாளி எஸ்.ஐ. ரிஜோ ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜை மேல் கவிழ்த்தார். நாலு ரப்பர் பேண்டுகள் விழுந்தன. நாலும் அறுந்திருந்தன.

"இதுதான் மேடம் எவிடன்ஸ். முதல்ல மரிச்ச நாலு பேர் வீட்டில மருந்துக் கவர் ரப்பர் பேண்ட் பொட்டியிருக்கு. மத்த வீட்டில ஒண்ணுகூடப் பொட்டல. யாரோ கவரைத் திறந்து மருந்தில கை வெச்சிருக்காங்க. கவர் கட்டிக் குடுக்கறது யாரு? நர்ஸ் வனிதா. நாலு மணிக்கு முறைப்படி அரெஸ்ட், அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் வீடு."

"நாலு ரப்பர் பேண்டை வெச்சு ஒருத்தியத் தூக்குல போட முடியும்னா, எங்கம்மா கொண்டை ஊசிய வெச்சு ஊரையே உள்ள தள்ளீரலாமுங்க சார்," என்றார் சிவப்பிரகாஷ்.

யோகப்பிரியா தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயது மனிதர். முன்பு மைக்செட் கட்டிக்கொண்டிருந்தவர். மைக்செட்டை விற்றுவிட்டார், வாயை மட்டும் விற்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

அவள் பத்து வருஷம் போலீஸில் குப்பை கொட்டிவிட்டு, சித்தூரில் பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏதாவது பழைய கதை உண்டா என்று கல்யாண விசாரணை பண்ணியே காலம் ஓடியது. பூலாம்பதிதான் அவளுடைய முதல் சாவுக் கேஸ். அதுவும் கையை மீறிப் போய்க்கொண்டிருந்தது.

தமிழ்-மலையாள எல்லையோரத்து ஊர். மூன்று வாரத்தில் ஆறு சாவு. ஆறு பேரும் இளைப்புக்காரர்கள், நெஞ்சுச்சளிக்காரர்கள். முதல் நாலு பேரும் ஞாயிறு பொழுது சாய்ந்தோ திங்கள் விடியலிலோ போனார்கள். நர்ஸ் வனிதா வீடு வீடாக வந்து மருந்து கொடுப்பதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டது.

பெரிய தோட்டக்காரர் ரத்தினசாமி புதன்கிழமை யோகப்பிரியாவை அழைத்து வந்தார். அவள் அன்றைக்கே ஓர் உத்தரவு போட்டாள். மிச்சமிருக்கும் ஒன்பது நோயாளிகளும் காலை எட்டிலிருந்து ஆறு வரை ரத்தினசாமியின் நெல்லடிக்கும் களத்தில், தென்னந்தடுக்குப் பந்தலுக்குக் கீழே, ஊர்க் கண் முன்னால் கட்டிலில் இருக்க வேண்டும். காவல் இருப்பவர்களின் போனை ஒரு டப்பாவில் போட்டுப் பூட்ட வேண்டும். யார் சொன்னாலும் நோயாளியை வீட்டுக்குள் விடக்கூடாது. கொலைகாரன் எவனாக இருந்தாலும் நாலு சுவருக்குள்தான் வேலை செய்வான் என்பது அவள் கணக்கு.

மறுநாள் வியாழன், ஹர்த்தால், அதாவது பந்த். பஸ் இல்லை, வனிதா வரவே முடியாது. அன்று பொழுது சாயும் நேரத்தில் அத்தனை கண்களுக்கும் நடுவில் இரண்டு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். அதில் ஒருத்தி ரத்தினசாமியின் மனைவி மாராத்தாள்.

வனிதா ஸ்கூட்டரில் வந்து ஒளிந்திருந்தாள் என்று எவனோ சொன்னான். வெள்ளிக்கிழமை ரத்தினசாமியே அவளைக் கையைப் பிடித்து ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரும் சாகவில்லை. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஏழு கட்டில் இன்றும் களத்தில் இருந்தது. ஏழாவது கட்டிலில் சிவப்பிரகாஷின் அம்மா பூவாத்தாள்.

யோகப்பிரியா ஒரு ரப்பர் பேண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கத்தரி பட்ட இடம் இல்லை. நுனியிலிருந்து ஒரு விரல்கடைக்கு ரப்பர் முழுக்கக் குறுக்கே குறுக்கே வெடித்திருந்தது.

"பழசாயிருக்கும்," என்றார் ரிஜோ.

"இல்லீங்க சார்." பெஞ்சில் உட்கார்ந்திருந்த வனிதா தலையைத் தூக்கினாள். இரண்டு நாளாக அழுது கண் இடுங்கிப் போயிருந்தது. "போன மாசம் வாங்குன புது பாக்கெட்டுங்க. எல்லா வீட்டுக்கும் ஒரே நாள்ல மாத்திப் போட்டேன்."

"ஒரே பாக்கெட்டு. நாலு மட்டும் போச்சா?" என்றாள் யோகப்பிரியா. "அந்த நாலு வீட்டுல கவர் எங்க தொங்கும்?"

"மாட்டுச் சாளைத் தூண்லீங்க்கா. இருமல்காரங்களுக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு அவியளுக்குச் சாளையிலதான் கட்டில். மத்தவங்க கவரெல்லாம் ஊட்டுக்குள்ள."

"எங்கம்மாளது டி.வி. ஸ்டாண்டுலீங்க," என்றார் சிவப்பிரகாஷ். "சீரியல் முடிஞ்சாத்தான் மருந்து."

வனிதா அவர் பக்கம் திரும்பவில்லை. ரிஜோவின் மேஜையையே பார்த்தாள். "அக்கா, ஏழு பேரும் வாயில வெச்சு இழுக்கற மருந்துப் பம்பு, சார் புடிச்சு வெச்ச அந்தப் பையில கெடக்குது. மத்தியானம் ஆருக்காச்சும் இளைப்பு வந்தா இழுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க்கா. எம்மேல கேஸ் போடட்டும். அதை மட்டும் குடுத்து உடச் சொல்லுங்க."

தூக்குக்குக் காத்திருப்பவள் பேசுகிற பேச்சு இல்லை அது. ரிஜோவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் பையின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

யோகப்பிரியா ஒரு ரப்பர் பேண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கீங்க மேடம்?" பின்னாலேயே வந்தார் சிவப்பிரகாஷ்.

"ரப்பரைப் பத்தி ரப்பர்காரங்ககிட்டக் கேக்கணும்."

"அதுக்கு ரப்பர் வெளையற கோட்டயம் போகோணுமுங்க. நம்ம வசதிக்குக் குருசாமி பஞ்சர் கடை."

சிவப்பிரகாஷின் பழைய ஆம்னி, பூலாம்பதி ரோட்டில் முக்குக் கடை முன்னால் நின்றது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. மற்ற நாளில் கல் ஏற்றிய டிப்பர்கள் மண்ணை வாரி இறைக்கிற ரோடு துடைத்துவிட்டது போல் கிடந்தது. குருசாமி டயர் மேல் துண்டைப் போட்டுப் படுத்திருந்தவர் எழுந்தார்.

"வண்டி பஞ்சருங்களா?"

"கேஸ்தானுங்க பஞ்சர்," என்று சிவப்பிரகாஷ் ரப்பர் பேண்டை நீட்டினார்.

குருசாமி அதை விரலில் வளைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. தொழில் தெரிந்தவன் முகம்.

"இதை ஆரும் அறுக்கலீங்க. வெயிலும் இல்லை. வெயில் பட்டா மேல பூராவும் வெறைச்சுப் போகும். இது இழுத்துக் கட்டுன எடத்துல மட்டும் வெடிச்சிருக்குது. காத்து தின்னுருக்குதுங்க."

"காத்து ரப்பரைத் திங்குமா?"

"இதைப் பாருங்க." கடை முகப்பில் ஆணியில் தொங்கிய சைக்கிள் ட்யூபைத் திருப்பினார். ஆணியில் மடங்கிய இடத்தில் அதே வெடிப்பு, அதே குறுக்கு வரிகள். உள்ளே டிரங்குப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். வழவழவென்று இருந்தது. "ரெண்டும் ஒரே நாள் வாங்குனதுங்க. எம்பட மாமன் கோயமுத்தூர்ல மோட்டாரு காயில் கட்டறவரு. பொறி பறக்கற மோட்டாருப் பக்கத்துல ரப்பரை வெச்சா இப்பிடித்தான் வெடிக்கும்பாரு. அங்க ஒரு வாசம் வரும், மூக்குல சுருக்குனு. அதே வாசம் இங்கயும் மத்தியானத்துல சித்தெ வருதுங்க. ஞாயித்துக்கெழமையில."

"ஏன் ஞாயித்துக்கெழமை?"

"மத்த நாளு டிப்பர் பொகையில என்ன வாசம் தெரியும்? வண்டி நின்னாத்தான் தெரியும்."

யோகப்பிரியாவின் குரல் இறங்கியது. "வியாழக்கெழமை, ஹர்த்தாலன்னைக்கு?"

"அன்னைக்கு எச்சாவே இருந்துச்சுங்க. கண்ணெரிச்சல் தாங்காம கடையச் சாத்தீட்டு ஊட்டுக்குள்ள போய்ப் படுத்துட்டேன்."

அவள் போனை எடுத்தாள். ஆர்த்தி, சித்தூரில் காலேஜில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். மாப்பிள்ளை விசாரணைக்கு வந்து சிநேகிதியானவள். லீவுக்குச் சித்திரபுரத்தில் அப்பா அம்மாவிடம் போயிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு, ரப்பர், மோட்டார் வாசம், ஞாயிற்றுக்கிழமை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள் யோகப்பிரியா.

"பக்கத்துல தட்டைப்பயறு, அவரை ஏதும் நிக்கா?" என்று கேட்டாள் ஆர்த்தி. "இலையப் பாருங்க."

கடை வேலியிலேயே தட்டைப்பயறு படர்ந்திருந்தது. இலையின் மேல்பக்கம் முழுக்க ஊசி குத்தினது போல வெள்ளைப் புள்ளிகள். அடிப்பக்கம் பூச்சி இல்லை. ஓர் இலை மேல் இன்னொன்று படிந்திருந்த இடத்தில் மட்டும் பச்சை அப்படியே இருந்தது. "ரெண்டு தடவை மருந்தடிச்சும் போகலீங்க," என்றார் குருசாமி.

"அது ஓசோன்க்கா," என்றாள் ஆர்த்தி.

"அது ஆகாசத்துல இருக்கறதாச்சே, கண்ணு. அது ஓட்டையானாத்தான் ஆபத்துன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க," என்றார் சிவப்பிரகாஷ்.

"மேல இருந்தா நல்லதுண்ணே. கீழ நாம மூச்சுல இழுத்தா நெஞ்சு புண்ணாயிரும். வண்டிப் புகையும் பெட்ரோல், பெயிண்டு ஆவியும் வெயில்ல வெந்து உண்டாகுறது. வானம் எவ்வளவு தெளிஞ்சு கெடக்கோ அவ்வளவு கூடும். கண்ணுக்கும் தெரியாது."

"வண்டி ஓடாத நாள்ல எப்படிம்மா கூடும்?"

"அதாங்க்கா கொடுமை. லாரிக் குழாயிலருந்து அப்பப்போ வர்ற புதுப்புகை அந்த ஓசோனை அங்கயே அழிச்சிரும். வண்டி நின்னா அழிக்க ஆளில்ல. முந்தின நாள் மிச்சமும் ஊர்ஊராக் காத்துல வர்றதும் வெயில்ல வெந்துக்கிட்டே இருக்கும். எல்லா ஊர்லயும் இப்படி நடக்காது. சில ஊர்ல நடக்கும்."

"ஆளைக் கொல்லுமா?"

"நமக்குக் கண்ணு எரியும், தொண்டை கரகரங்கும். நெஞ்சுக் கோளாறு உள்ளவங்களுக்கு அப்படியில்ல. அது கூடுற நாள்லயும் மறுநாள்லயும் சாவும் கூடுதுன்னு பல தேசத்துல பாத்து எழுதியிருக்காங்க. ஆனா கொஞ்சந்தாங்க்கா கூடும், பெரிய ஊர்ல நூறு சாவு விழுற எடத்துல ஒண்ணு கூடுங்கிற மாதிரி. ஒரு சின்ன ஊர்ல இத்தனை பேரு எப்படி? தாங்க முடியாதவங்களா பாத்துப் பொறுக்கி வெளிய ஒக்கார வெச்சாத்தான் உண்டு."

யோகப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எந்த நேரம் ஜாஸ்தி?"

"ஒரு மணிக்கு மேல, நாலு வரைக்கும்."

"வீட்டுக்குள்ள?"

"கதவு சன்னலைச் சாத்திட்டா பாதிக்கு மேல கொறைஞ்சிரும். வெளியதான் கூடாது."

மணி ஒன்று பத்து.

நாலு ரப்பர் பேண்ட் ஏன் அறுந்தது என்று இப்போது தெரிந்தது. அவர்கள் நாலு பேரும் சாளையில் கிடந்தவர்கள். வியாழக்கிழமை செத்த இரண்டு பேரின் ரப்பர் பேண்ட் ஏன் அறுபடவில்லை என்பதும் தெரிந்தது. அதுவரை அவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து போட்டது வேறு யாருமில்லை, அவள்.

"மேடம்," என்றார் சிவப்பிரகாஷ். "எங்கம்மா களத்துலீங்க."

அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

ஆம்னி பறந்தது. பூலாம்பதிக்குப் பதினொரு கிலோமீட்டர். யோகப்பிரியா ரத்தினசாமியின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காவல் இருந்த அத்தனை பேர் போனுக்கும் அடித்தாள். அத்தனையும் டப்பாவுக்குள் பூட்டிக் கிடந்தன. பூட்டச் சொன்னதும் அவள்தான். தன் சாமர்த்தியம் ஒவ்வொன்றும் இப்போது குறுக்கே வந்து நிற்பதை நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

அடுத்து ரிஜோ. "சார், வனிதாவையும் அந்தப் பம்புப் பையையும் எடுத்துட்டு இப்பவே பூலாம்பதி வாங்க. ஆக்சிஜன் கிடைச்சா அதுவும்."

"மேடம், கஸ்டடியில உள்ள ஆளை..."

"கொன்னது யாருன்னு தெரிஞ்சு போச்சு சார். களத்துல காட்டறேன். நான் சொல்றது தப்பா இருந்தா என்னை உள்ள வைங்க. ஆனா அவளைக் கூட்டிட்டு வாங்க."

ரிஜோ பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

களத்துக்கு அவர்கள் வந்தபோது மணி ஒன்று இருபத்தைந்து. காற்று அசையவில்லை. பந்தலுக்குக் கீழே ஏழு கட்டில் வரிசையாகக் கிடந்தது. சுற்றிலும் முப்பது பேர், கண்கொட்டாமல். எட்டாவதாக ஒரு வெறும் கட்டில் ஓரத்தில் கிடந்தது. அது மாராத்தாள் கட்டில். அதைக் களத்திலிருந்து எடுக்க ரத்தினசாமி சம்மதிக்கவில்லை.

அறுபத்தெட்டு வயது. மனைவிக்குக் காரியம்கூட இன்னும் முடியவில்லை. கையில் தடியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், யோகப்பிரியாவைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க அம்மிணி. ஒரு ஈ காக்கா கிட்ட வரலீங்க. நீங்க சொன்னபடிதான்."

கட்டில்களில் இருமல் மாறி மாறிக் கேட்டது. ஏழாவது கட்டிலில் பூவாத்தாள் உட்கார்ந்தபடி முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். உதடு கறுத்திருந்தது. மகனைப் பார்த்தாள். பேச வரவில்லை.

சிவப்பிரகாஷ் அம்மாவை அள்ளித் தூக்கினார். தடி குறுக்கே வந்தது.

"எறக்குப்பா. ஆறு மணிக்கு முன்னால ஆரும் உள்ள போகப்படாது."

"ஐயா, எல்லாரையும் உள்ள கொண்டு போகணும். கதவைச் சாத்தணும்," என்றாள் யோகப்பிரியா.

"நீங்கதானுங்க சொன்னீங்க, ஆரு வந்து சொன்னாலும் உள்ள உடாதீங்கன்னு. ஊட்டுக்குள்ளதான் கொல்றாங்கன்னு." ரத்தினசாமியின் கண்ணில் சந்தேகம் புகுந்தது. "உங்களை ஆராச்சும் மெரட்டி அனுப்பிச்சாங்களா அம்மிணி? சொல்லுங்க, நாங்க இருக்கறம்."

அந்த நம்பிக்கையை அவளால் தாங்க முடியவில்லை. ஓசோன், லாரி, வெயில் என்று விளக்க ஒரு மணி நேரம் ஆகும். பூவாத்தாளுக்கு ஒரு மணி நேரம் இல்லை. இவரை நகர்த்த ஒரே வழிதான் இருந்தது.

"நான் சொன்னது தப்புங்க. ஊட்டுக்குள்ள யாரும் கொல்லலை. மத்தியானத்துல இங்க வர்ற காத்துதான் கொல்லுது. லாரி ஓடாத நாள்ல, வெளியில இருக்கற நோயாளியக் கொல்லுது. வனிதா ஒண்ணுமே பண்ணலை."

ரத்தினசாமியின் கண் மெதுவாக ஓரத்து வெறும் கட்டிலுக்குப் போய்த் திரும்பியது. தடி தாழ்ந்தது.

"தூக்குங்கப்பா," என்றார். மறுபடியும் சொன்னார். "தூக்குங்க. எம்பட ஊட்டுக்குள்ளயே கொண்டு போங்க."

முப்பது பேரும் கட்டிலோடு தூக்கினார்கள். ரத்தினசாமியின் பெரிய வீட்டு ஆசாரக் கூடத்தில் ஏழு கட்டிலும் இறங்கியது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. ஆறு பேரின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டது. பூவாத்தாளுக்கு மட்டும் மூச்சு இன்னும் விசில் அடித்தது. சிவப்பிரகாஷ் அம்மாவின் முதுகைத் தடவியபடியே இருந்தார். "அம்மா, சீரியல் வெக்கட்டுமா? அம்மா, இங்க பாரு," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பது வயது மனிதரின் குரல் பள்ளிக்கூடப் பையன் குரலாக உடைந்தது.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. ரிஜோ கதவைத் திறப்பதற்குள் வனிதா பையோடு உள்ளே ஓடி வந்தாள். ஊர் விலகியது. பெண்கள் இரண்டு பேர் பல்லைக் கடித்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பையில் பூவாத்தாளின் பம்பைத் தேடி எடுத்துக் குலுக்கி வாயருகே கொண்டுபோனாள்.

பூவாத்தாள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். மூன்று வாரமாக ஊர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. மூச்சு இல்லாத நிலையிலும் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

சிவப்பிரகாஷ் வனிதாவின் கையிலிருந்து பம்பைப் பிடுங்கித் தன் வாயில் வைத்து அழுத்தி இழுத்தார். இருமினார். கண்ணில் நீர் வந்தது.

"பாத்தயாம்மா? நான் இருக்கறன். செத்தா ரெண்டு பேரும் சேந்தே போலாம். வாயத் தொற."

பூவாத்தாள் மகனையே பார்த்தாள். வாய் திறந்தது. வனிதா கொடுத்தாள், நிறுத்தினாள், மறுபடி கொடுத்தாள். ஜீப்பிலிருந்து வந்த ஆக்சிஜனை மூக்கில் வைத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. விசில் சத்தம் இறங்கி, அப்புறம் நின்றது. உதட்டில் நிறம் திரும்பியது.

"சாயங்காலம் வரைக்கும் இவியளை வெளிய உடாதீங்க. நாளைக்கும்தான்," என்று வனிதா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அவளைப் பிடித்துக் கொடுத்த ஊரிடம் அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

யோகப்பிரியா கதவை ஒருக்களித்துக் களத்துக்கு வந்தாள். ஊர்க்காரர்களிடம் விவரம் கேட்டறிந்த ரிஜோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரத்தினசாமி வெறும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போங்க என்று சொல்ல வாய் எடுத்தவளுக்கு, இந்த மனிதரிடம் இனி எதையும் செய்யச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது.

"அவ வரமாட்டேன்னுதான் சொன்னாளுங்க," என்றார் அவர். "வெளிய உக்காந்தா நெஞ்சு எரியுதுன்னா. நாந்தான், அம்மிணி சொல்லீட்டாங்க, வாயை மூடீட்டு உக்காருன்னு தூக்கியாந்து போட்டேன். அது நெசந்தானுங்களே? ஊட்டுக்குள்ள இருந்திருந்தா இருந்திருப்பாளா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. தெரியாதுங்க, சொல்ல முடியாதுங்க என்று இழுத்திருக்கலாம்.

"இருந்திருப்பாங்க," என்றாள் யோகப்பிரியா.

ரத்தினசாமி தலையை ஆட்டினார். வெகு நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் முகம் அது.

"வனிதாவக் கையப் புடிச்சுக் கொண்டு போய் ஸ்டேஷன்ல குடுத்தது நானுங்க. இப்ப நம்ம ரெண்டு பேரையும் எங்க கொண்டு போய்க் குடுக்கறதுங்க அம்மிணி?"

வெயில் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.